மணிக்கூண்டும் பின்கட்டும்
பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டிடத்தின் கதை

கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கல்பட்டுக்கும் அதற்கு அப்பால் தெற்கே தூத்துக்குடி வரைக்கும் இருப்புப்பாதை வந்தது 1870களில். அந்தக் காலத்து ரயில் எந்த நேரப்படி ஓடியது? இன்றுள்ள இந்திய நேரம் அப்போது இல்லை. நுங்கம்பாக்கம் வானியல் நிலையம் கணித்துத் தந்த மதராஸ் நேரமே இந்திய ரயில்வேக்குப் பொது நேரமாக இருந்தது. அந்த நேரத்தைப் பட்டணத்து மக்கள் கண்ணால் பார்த்துக்கொண்ட இடங்களுள் ஒன்று, மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மணிக்கூண்டு.

நிறுவனம் பிறந்த விதம்

பீட்டர் நிக்கலஸ் ஆர் 1840களில் மதராஸ் வந்து, ஜார்ஜ் கார்டன் என்பவரின் கடிகார நிறுவனத்தில் சேர்ந்தார். கார்டனுக்குப் பின் தொழில் அவர் கைக்கு மாறியது. 1849ஐ நிறுவனத்தின் தொடக்க ஆண்டாகச் சொல்வது வழக்கம். கடிகாரத்தோடு நகை, வெள்ளிச் சாமான், அறிவியல் கருவிகள் என்று தொழில் விரிந்தது. ரங்கூனிலும் கிளை ஏற்பட்டது. தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கும் ‘சுவாமி’ வேலைப்பாட்டில் இவர்கள் செய்த வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள், 1875–76இல் இந்தியாவைச் சுற்றிப்பார்த்த வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகப் போயின. உளி பிடித்தவர்கள் நம் ஊர்த் தட்டார்கள். முத்திரை மட்டும் ஆர் குடும்பத்துடையது.

கட்டிடம்

1870களில் எழுந்த இந்தக் கட்டிடம் ராபர்ட் சிஷோமின் வடிவமைப்பு என்பார்கள். மெரினாவில் செனட் இல்லத்தைக் கட்டியவரும் அவரே. ஆனால் செனட் இல்லத்தின் குவிமாடங்களையும் வண்ணங்களையும் இங்கே தேடக் கூடாது. இது கடை. சாலையில் போகிறவர் நிற்க வேண்டும், நின்றவர் உள்ளே வர வேண்டும். அதற்கேற்ப, முகப்பின் நடுவே ஒரு கோபுரம், அதில் தூரத்திலிருந்தே தெரியும் கடிகாரம். வானியல் நிலையத்தின் நேரக்குறிப்பைப் பெற்றுச் சரிசெய்யப்பட்ட கடிகாரம் அது. தன் கடிகாரத்தை அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டவர், அது பழுதானால் வேறு கடைக்கா போவார்?

முன்னால் வாடிக்கையாளர் பார்த்தது கண்ணாடிப் பெட்டிகளை. நிறுவனத்தின் உயிர் பட்டறையில் இருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த கடிகாரம் முகப்பில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ்’ என்ற பெயரைத் தாங்கிவிட்டால், பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மதராஸ் கடைதான். நம் கடற்கரைக் காற்றின் ஈரமும் உப்பும் இரும்பை விடாது. வில்லில் துரு ஏறும், எண்ணெய் கெட்டிப்படும், தூசி படிந்தால் சக்கரம் திணறும். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, கழுவி, எண்ணெய் துளியிட்டுப் பூட்டும் மெக்கானிக்குகளால்தான் அந்தப் பெயர் நிலைத்தது.

ஒன்பது நிமிடம்

மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய நேரமோ ஐந்தரை மணி. முட்களை ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே தள்ளியதோடு பட்டணத்தின் சொந்த நேரம் விடைபெற்றது. அதற்கு முன்பே, 1899இல், வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியிருந்தது. பிற்காலத்தில் வானொலி வந்தது, குவார்ட்ஸ் வந்தது, கைப்பேசியும் வந்தது. நேரம் பார்க்க அண்ணாந்து நோக்கும் தேவை போயிற்று.

பின்பகுதி போன கதை

2010களின் தொடக்கத்தில் மெட்ரோ ரயில் பணிக்காகக் கட்டிடத்தின் பின்பகுதி இடிக்கப்பட்டது. மரபு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. முகப்பும் மணிக்கூண்டும் தப்பின. பழைய ரயிலுக்கு நேரம் காட்டிய கட்டிடம், புதிய ரயிலுக்குத் தன்னில் ஒரு பகுதியைக் கொடுத்திருக்கிறது.

ரயிலுக்கு வழிவிட வேண்டும்தான். ஆனாலும் மரபு என்றவுடன் முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதும் என்ற எண்ணம் எங்கும் வேரூன்றிவிட்டது. பட்டறை, கிடங்கு, வேலையாட்கள் உட்கார்ந்த இடம் எல்லாம் ‘பின்னால் கிடப்பவை’ ஆகிவிடுகின்றன. கோபுரத்துக்குக் கட்டிடக் கலைஞரின் பெயர் இருக்கிறது. பட்டறையில் குனிந்து வேலை பார்த்தவர்களின் பெயர் ஏட்டில் இல்லை. நம் பகுதியிலும் பழைய அரிசி ஆலை, அச்சகம், ரயில்வே குடியிருப்பு என்று எதையேனும் பதிவுசெய்யப் புறப்படுகிறவர்கள், படம் எடுப்பதைப் பின்கட்டிலிருந்து தொடங்கலாம்.