கையால் எழுதிய பத்திரிகையும் காணாமல் போகும் சரித்திரமும்

போக்கிமான் என்ற பெயரைக் கேள்விப்படாத பிள்ளைகள் குறைவு. ஆனால் அதை உருவாக்கிய கேம் ஃப்ரீக், கம்பெனி ஆவதற்கு முன்னால் ஒரு பத்திரிகையாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது!

1983-ல் சதோஷி தஜிரி என்ற மாணவர் டோக்கியோவில் அதை ஆரம்பித்தார். கையால் எழுதி, நகலெடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்த சில பக்கங்கள், அவ்வளவுதான். ஆர்கேட் விளையாட்டுகளில் எப்படி ஜெயிப்பது, எங்கே என்ன ரகசியம் ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு கடையில் அதைப் பார்த்த கென் சுகிமோரி, படம் வரைந்து தர வந்து சேர்ந்தார். 1989-ல் அந்தக் கூட்டம் கம்பெனியாக மாறியது. 1996 பிப்ரவரியில் போக்கிமான் வெளிவந்தது.

இப்படி ரசிகர்களே எழுதி, அச்சிட்டு, விற்கும் பத்திரிகைக்கு ஜப்பானில் 'தோஜின்ஷி' என்று பெயர். இவற்றுக்காகவே 1975 டிசம்பரில் டோக்கியோவில் காமிகெட் என்ற சந்தை தொடங்கியது. முதல் சந்தைக்கு வந்தவை வெறும் 32 குழுக்கள்!

சரி, ரசிகர்கள் ஏன் எழுத வேண்டும்? கம்பெனிகளே எழுதக் கூடாதா? இங்கேதான் சிக்கல். 1980-களில் பல ஜப்பானிய கம்பெனிகள், போட்டிக் கம்பெனி தங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்தன. அதனால் விளையாட்டின் முடிவில் உண்மைப் பெயரைப் போடாமல் பட்டப்பெயரைப் போட்டன. கேப்காமின் ராக்மேன் (1987) விளையாட்டில் கெய்ஜி இனாஃபுனேயின் பெயர் 'இனாஃப்கிங்' என்றுதான் வரும். அவர் பிறகு பிரபலமானதால் நமக்குத் தெரிகிறது. பிரபலமாகாதவர்கள்?

அரசாங்கமாவது காப்பாற்றியதா என்றால், ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகத்துக்கு சி.டி. போன்ற மின்னணு வெளியீடுகளின் பிரதியைக் கட்டாயம் தர வேண்டும் என்ற விதியே 2000-ல்தான் வந்தது. அதற்குள் பழைய ஃப்ளாப்பிகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த இடைவெளியைத் தனி ஆட்கள்தான் நிரப்பினார்கள். 2011-ல் பிரான்ஸ் நாட்டுக்காரரான ஜோசஃப் ரெதோன் தலைமையில் டோக்கியோவில் கேம் பாதுகாப்புச் சங்கம் உருவானது. என்.இ.சி., ஷார்ப், ஃபுஜிட்சு கம்ப்யூட்டர்களுக்கு வந்த பழைய விளையாட்டுகளை, ஃப்ளாப்பியின் காந்தப் பதிவு அழியும் முன் பிரதியெடுக்கிறார்கள். ஜான் ஷ்செபானியாக் என்ற எழுத்தாளர் 2013-ல் வாசகர்களிடமே பணம் திரட்டி ஜப்பான் போனார். பழைய கேம் படைப்பாளிகளைப் பேட்டி கண்டு, 2014-ல் தானே புத்தகமாக வெளியிட்டார்.

விற்று முடிந்த சரக்குக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு கிடையாது. அதனால் கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஃப்ளாப்பி அழிந்தால் இன்னொரு பிரதியைத் தேடலாம். அதைச் செய்த மனிதர் மறைந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

லாபம் பார்க்காமல் ஸ்டேப்ளர் பின் அடித்த கைகள் இல்லையென்றால், இந்தச் சரித்திரத்தில் பாதிப் பக்கங்கள் வெற்றுத்தாளாகவே இருந்திருக்கும்.