எல்லை தாண்டும் ஜீப்புகள்

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கும். தூக்குவாளிச் சோற்றோடு பெண்கள் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். பிள்ளைகளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டிமார் பொறுப்பு.

போடிக்கும் மலைக்குமான தொடர்புக்கு வயது அதிகம். முன்பு மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்தது. தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த மூணாற்றின் மலை ரயிலை 1924 வெள்ளம் அழித்தது. 1956இல் மொழிவழி எல்லை வகுத்தபோது ஏலத்தோட்டங்கள் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. வீடு ஒரு மாநிலம், அம்மாவின் வேலை இன்னொரு மாநிலம் என்பதே நிலை.

ஏலச்செடி ஆளுயரம் தாண்டும். காயோ தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். எல்லாம் ஒன்றாக முதிராது. எனவே ஒரே தூருக்குத் திரும்பத் திரும்ப வந்து குனிந்து பறிக்க வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் 1 கிலோ தேறும். கமகமக்கும் அந்த ஒரு கிலோவுக்குள் எத்தனை முதுகுவலி!

50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். அந்த எண்ணிக்கையை எட்டாத சிறு தோட்டங்கள் ஏலமலையில் ஏராளம்.

பொழுது சாய்ந்ததும் ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். தெருமுனையில் பிள்ளைகள் காத்து நிற்பார்கள். அம்மாவின் விரல்களில் ஏலக்காய் மணக்கும்.