பசித்தோர் வெட்டிய கால்வாய்

அண்மையில் ஒரு விடியற்காலையில், திருப்பலி முடிந்ததும், பீடச் சிறுவன் ஒருவனோடு மிதிவண்டியில் புறப்பட்டேன். திருமயிலை இரயில் நிலையத்திலிருந்து மந்தைவெளி, பசுமைவழிச் சாலை வழியாக அடையாற்றங்கரை வரை, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தெருக்களில் மெதுவாகச் செல்வதே எங்கள் திட்டம். தலைக்கு மேல் பறக்கும் இரயில் ஓட, அதன் தூண்களுக்கிடையே கரிய நீர் அசைவற்றுக் கிடந்தது. "ஃபாதர், இந்தச் சாக்கடையை யார் வெட்டினாங்க?" என்று சிறுவன் கேட்டான். அந்தக் கேள்வி என்னை நிறுத்தியது.

சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரையிலான பகுதி 1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்ற வணிகரால் அமைக்கப்பட்டது. 1837-இல் அரசு அதனை ஏற்றது. பின்னர் வடக்கே பெத்த கஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் அது நீண்டது. உப்பும் விறகும் அரிசியும் ஏற்றிய படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும், கழி ஊன்றித் தள்ளியும் நகருக்குக் கொண்டு வந்தனர். ஆயினும் நாங்கள் சென்ற பகுதியின் வரலாறு வேறு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதி, தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78-இல், பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது.

அப்பணிகளுக்கு அன்று தரப்பட்ட கூலி எவ்வளவு? 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த அளவுப்படி, மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும், ஓர் அணாவும் மட்டுமே. பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. எனினும் அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரை எந்தக் கல்லும் தாங்கி நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்கால்வாய் பல இடங்களில் அலையின் வேகத்தை ஓரளவு தன்னுள் வாங்கிக்கொண்டது. பட்டினியால் வாடிய கைகள் தோண்டிய பள்ளம், நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பலருக்குக் காவலாயிற்று. அதற்கு நாம் செலுத்தும் நன்றி, நாள்தோறும் கொட்டும் குப்பையும் கழிவும்தான்.

அடையாற்றங்கரையில் மிதிவண்டிகளை நிறுத்தினோம். "பசியோடு இருந்த ஏழைகள் வெட்டினார்கள், தம்பி" என்றேன். அவன் சற்று நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கையிலிருந்த வாழைப்பழத் தோலைக் கால்வாயில் எறியாமல், சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.