சேப்பாக்கத்தில் 11 விக்கெட் எடுத்தவர்



சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது 1934 பிப்ரவரியில். நம் அணிக்கு சி.கே. நாயுடு கேப்டன், இங்கிலாந்துக்கு ஜார்டின். அமர் சிங் முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தும் 202 ரன்னில் தோற்றோம். நம்மைச் சுருட்டியவர் யார்க்‌ஷயரின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி. முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7, அடுத்ததில் 4. சேப்பாக்கம் சுழலுக்குக் கைகொடுக்கும் என்பது அன்றைக்கே ஆரம்பித்த கதை!

1932-ல் நாட்டிங்காம்ஷயர் அணியின் 10 விக்கெட்டையும் 10 ரன் மட்டும் கொடுத்து எடுத்தவர் இவர். முதல்தர கிரிக்கெட்டில் அந்தச் சாதனை இன்றும் அப்படியே நிற்கிறது. பிராட்மனையே டெஸ்டில் 8 முறை அவுட்டாக்கியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு ஆடுபவர்களுக்குத் தனி அறை, காசு வாங்காமல் ஆடும் சீமான்களுக்கு வேறு அறை. வெரிட்டி சம்பளத்துக்கு ஆடியவர். பந்துதான் அவர் வீட்டுக்குச் சோறு.

1938-ல் மூனிக் நெருக்கடி வந்ததே, நினைவிருக்கிறதா? (ஒன்பது மதிப்பெண் கேள்வி என்று பயமுறுத்துவேனே, அதேதான்.) போர் வரும் என்று அப்போதே கணித்துவிட்டார் வெரிட்டி. தெரிந்த ராணுவ அதிகாரி ஒருவரிடம் கேட்டு வாங்கிய போர்க்கலைப் புத்தகங்களைத் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். ஒரு ஆசிரியனாக எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யாரும் பரீட்சை வைக்கவில்லை, தானாக உட்கார்ந்து படித்திருக்கிறார்.

1939 செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் புகுந்த நாள் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே நாள் ஹோவ் மைதானத்தில் வெரிட்டி 6 ஓவர் வீசி 9 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். சசெக்ஸ் அணி 33 ரன்னுக்குள் அடங்கியது. அவர் ஆடிய கடைசி முதல்தரப் பந்தயம் அது. வயது 34. அந்த ஆண்டு மட்டும் 191 விக்கெட்.

விளையாட்டு வீரர்கள் பலருக்குப் பட்டாளத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரும் வேலை கிடைத்தது. வெரிட்டி கிரீன் ஹோவர்ட்ஸ் காலாட்படையில் சேர்ந்து கேப்டன் ஆனார். படையோடு ராஞ்சிக்கு வந்தார். இங்கே வயிற்றுக்கடுப்பில் மிகவும் அவதிப்பட்டார். பிறகு பாரசீகம், சிரியா, எகிப்து.

1943 ஜூலையில் சிசிலி. கட்டானியா சமவெளியில், இரவில், கதிர் முற்றிய வயலுக்குள் தன் ஆட்களை நடத்திப் போனார். எதிரியின் குண்டில் வயல் தீப்பற்றிக்கொண்டது. வெளிச்சத்தில் ஆட்கள் தெரிய, வெரிட்டிக்கு மார்பில் காயம். விழுந்தபிறகும், தொடர்ந்து முன்னேறச் சொல்லித்தான் உத்தரவிட்டார். படை பின்வாங்க வேண்டிவந்தது, அவர் ஜெர்மானியரிடம் கைதியானார். ஊரில் முதலில் "காணவில்லை" என்ற தகவல்தான் வந்தது. ஆனால் ஜூலை 31 அன்றே, இத்தாலியில் கசெர்ட்டா நகர மருத்துவமனையில் அவர் இறந்திருந்தார். 38 வயது. யார்க்‌ஷயரில் அவரோடு சேர்ந்து பந்துவீசிய பில் போவ்ஸும் டோப்ருக்கில் பிடிபட்டு அப்போது போர்க்கைதி.

அவருடைய இரண்டு மகன்களில் ஒருவர் பெயர் டக்ளஸ். நம்மை சேப்பாக்கத்தில் வென்ற அதே டக்ளஸ் ஜார்டின் நினைவாக வைத்தது.

கசெர்ட்டா, நேப்பிள்ஸ் பக்கத்தில்தான். ஐரோப்பாவில் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், போர் வீரர் கல்லறையில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.