ஆக்டிவ் டைரக்டரியில் அனுமதிச் சிக்கல்கள்

அலுவலக வலையமைப்பில் உள்ள பயனர்கள், கணினிகள், குழுக்கள் பற்றிய விவரங்களை ஒரே இடத்தில் வைத்து, யார் எதைத் திறக்கலாம் என்பதை நிர்வகிக்க உதவும் மைக்ரோசாஃப்டின் சேவை ஆக்டிவ் டைரக்டரி. இது 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 சர்வருடன் வெளிவந்தது. கணக்கும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் ஃபோல்டர் திறக்க மறுப்பது இதில் அடிக்கடி வரும் புகார். அனுமதிப் பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்ப்பதால் பயன் குறைவு. பட்டியல் பல சமயம் சரியாகவே இருக்கும். பயனர் கையில் இருக்கும் அடையாளம்தான் பழையதாக இருக்கும்.

டோக்கனும் எஸ்ஐடியும்

பயனர் லாக்-இன் செய்யும்போது, அவருடைய எஸ்ஐடி என்ற பாதுகாப்பு அடையாள எண்ணையும் அவர் சேர்ந்துள்ள குழுக்களின் எஸ்ஐடிகளையும் திரட்டி விண்டோஸ் ஒரு டோக்கனை உருவாக்குகிறது. காலை பத்து மணிக்கு ஒருவரைக் கணக்குப் பிரிவுக் குழுவில் சேர்த்தாலும், ஒன்பது மணிக்கு உருவான டோக்கனில் அந்தக் குழு ஏறாது. சர்வரில் பகிர்ந்துள்ள ஃபோல்டருக்கும் இதே கதைதான்: குழு விவரங்களைச் சுமந்து வரும் டிக்கெட், அதாவது கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை தரும் சான்று, இயல்பாக 10 மணி நேரம் செல்லுபடியாகும். லாக்-ஆஃப் செய்துவிட்டு மீண்டும் உள்ளே வருவதே நிச்சயமான வழி. 'ஹூஆம்ஐ' கட்டளையைக் குழுக்களைக் காட்டும்படி இயக்கினால், டோக்கனில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கணினியிலேயே தெரிந்துவிடும். நிர்வாகியின் திரையில் தெரியும் உறுப்பினர் பட்டியலைவிட இதை நம்பலாம்.

அனுமதிகள் பெயரோடு அல்ல, எஸ்ஐடியோடுதான் பிணைக்கப்பட்டுள்ளன. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கிவிட்டு, அவர் திரும்பி வந்ததும் அதே பெயரில் புதுக் கணக்கு தொடங்கினால் பழைய அனுமதி எதுவும் கிடைக்காது. ஃபோல்டரின் பட்டியலில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தெரிந்தால், அது பெரும்பாலும் நீக்கப்பட்ட கணக்கின் எச்சம்.

மோதும் விதிகள்

வலையமைப்பு வழியாகத் திறக்கும் ஃபோல்டருக்குப் பகிர்வு அனுமதி, என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பின் அனுமதி என இரண்டு அடுக்கு உண்டு. இரண்டும் அனுமதித்தால்தான் காரியம் நடக்கும். 'மறுப்பு எப்போதும் வெல்லும்' என்று பலரும் சொல்வது முழு உண்மை அல்ல: ஃபோல்டரில் நேரடியாகக் கொடுத்த அனுமதி, மேலிருந்து மரபாக வந்த மறுப்பை வென்றுவிடும். அவசரத்துக்கு 'எவ்ரிஒன்' குழுவுக்கு முழு அனுமதி கொடுத்துவிடும் பழக்கம் புகாரை மூடும், கோளாறை அல்ல. பின்னால் தணிக்கையில் மாட்டிக்கொள்வதும் அதுதான்.

தானாக மாறும் அனுமதி

நிர்வாகிகளைக் குழப்புவதில் முதலிடம் அட்மின்-எஸ்டி-ஹோல்டருக்கு. உதவி மையப் பணியாளருக்கு ஒரு பிரிவில் உள்ள எல்லாருடைய கடவுச்சொல்லையும் மாற்றும் அதிகாரம் தரப்பட்டிருக்கும். ஒரே ஒருவருக்கு மட்டும் அது மறுக்கப்படும். அந்த ஒருவர் டொமைன் அட்மின்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட குழு ஒன்றில் எப்போதோ இருந்திருப்பார். பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பிலுள்ள சர்வர் 60 நிமிடத்துக்கு ஒருமுறை இக்குழு உறுப்பினர்களின் அனுமதிப் பட்டியலை அட்மின்-எஸ்டி-ஹோல்டரில் உள்ள மாதிரிப் பட்டியலோடு ஒப்பிட்டு மாற்றி எழுதும். மேலிருந்து அனுமதி இறங்குவதை நிறுத்தி, 'அட்மின்-கவுன்ட்' மதிப்பை 1 ஆக்கும். குழுவிலிருந்து நீக்கினாலும் இவை தாமாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மதிப்பை அழித்து, மரபுரிமையைக் கையால் இயக்க வேண்டும். உறுப்பினராக இருக்கும்போதே இதைச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கிளை அலுவலகங்களில் தாமதமே கோளாறாகத் தோன்றும். வேறு வேறு இடங்களில் உள்ள சர்வர்கள் மாற்றங்களைப் பகிர்ந்துகொள்ளும் இயல்பான இடைவெளி 180 நிமிடம். நேரம் இன்னொரு வகையிலும் தடையாகும்: கணினிக் கடிகாரம் இயல்பான வரம்பான 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் கெர்பரோஸ் அடையாளத்தை ஏற்காது.

யாரும் எதையும் தொடாமலே அனுமதி பறிபோவதும் உண்டு. 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின், பயனருக்கான குரூப் பாலிசி என்ற அமைப்பு விதிகளைக் கணினியின் அடையாளத்தில்தான் விண்டோஸ் படிக்கிறது. 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவை நீக்கிவிட்டுக் குறிப்பிட்ட பயனர்களுக்கு மட்டும் பாலிசி அமைத்திருந்த அலுவலகங்களில் அது வேலை செய்யாமல் போனது. 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்குப் படிக்கும் அனுமதி கொடுத்தாலே போதும். பாலிசியைச் செயல்படுத்தும் அனுமதி அக்குழுவுக்குத் தேவையில்லை.