வெனிஸ் வர்த்தகரின் ஞாபக ஏடு

செய்ய வேண்டிய காரியங்களை ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டு, முடிந்தவற்றை ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்துவிடும் பழக்கம் இன்று பள்ளிப் பிள்ளைகள் முதல் மந்திரிகள் வரை சகலருக்கும் பொதுவாகிவிட்டது. கற்றறிந்த பண்டிதர்களின் மேஜையில் பிறந்த சம்பிரதாயம் இது என்று எண்ணுவோர் பலர். பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால், கம்பளியும் மிளகும் பட்டும் கைமாறிய இத்தாலிய நகரங்களின் பண்டகசாலைகளில் வளர்ந்து, அங்கிருந்தே வித்வான்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது தெளிவாகிறது. இவ்விஷயத்தில் வர்த்தகரே குரு, வித்வான் சிஷ்யர்.

இதற்கு முதற்காரணம் காகிதம். தோலில் எழுதுவதானால் செலவு மிகுதி. மெழுகுப் பலகையில் எழுதினாலோ நாளை எழுத இன்று எழுதியதை அழித்தாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பப்ரியானோ என்னும் இத்தாலிய ஊரின் ஆலைகளில், நீர்விசையால் இயங்கிய உலக்கைகள் கந்தல் துணியை இடித்துக் கூழாக்க, வார்த்தெடுத்த தாளைப் பிராணிகளின் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தில் தோய்த்து உலர்த்திய பிறகே, மை பரவாமல் நிற்கும் உறுதியான காகிதம் அந்தத் தேசத்து வியாபாரிகளுக்குத் தாராளமாகக் கிடைக்கலாயிற்று. 1410இல் காலமான பிராட்டோ நகரத்து வர்த்தகர் பிரான்செஸ்கோ டாட்டீனி விட்டுச்சென்ற கணக்கேடுகள் நூற்றுக்கணக்கானவை. கடிதங்களோ ஒரு லட்சத்துக்கும் அதிகம். நம் வணிகர் பிள்ளையார் சுழியிட்டுக் கணக்குத் தொடங்குவதுபோல, அவர் தம் ஏடுகளின் முகப்பில் கடவுளின் பெயரோடு இலாபத்தின் பெயரையும் சேர்த்தே எழுதிவைத்தார்.

இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கடைகளில் வழங்கிவந்த முறையை அச்சுப் புத்தகத்தில் ஏற்றிய பெருமை லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவியைச் சாரும். இளமையில் வெனிஸ் வர்த்தகர் ஒருவரின் பிள்ளைகளுக்குக் கணிதம் போதித்து வாழ்ந்தவர் அவர். 1494இல் அந்நகரிலேயே அவர் வெளியிட்ட பெரிய கணித நூலில் கணக்கெழுதும் முறையைப் பற்றி ஒரு தனிப் பகுதி உண்டு. வர்த்தகனுக்குச் சிட்டை, குறிப்பேடு, பேரேடு என மூன்று ஏடுகள் அவசியம் என்பது அவர் விதி. இவற்றுள் சிட்டையே மிகத் தாழ்ந்ததாகத் தோன்றுவது. ஆயினும் மற்ற இரண்டும் அதைப் பற்றியே நிற்பவை. முதலாளியோ, குமாஸ்தாவோ, எழுதத் தெரிந்தால் வீட்டுப் பெண்களோ, அந்தந்த வேளையில் நடந்த கொடுக்கல் வாங்கலை, சிறிது பெரிது பாராமல், யாரிடம், என்ன, எவ்வளவு, எந்த நாணயத்தில் என்ற விவரத்தோடு அதில் எழுதிவிட வேண்டும். பலவகை நாணயங்களை ஒன்றாக்குவதும் பதிவுகளைக் கிரமப்படுத்துவதும் பிறகு குறிப்பேட்டில் நடக்கட்டும் என்கிறார். பலர் கண்ணில் படும் ஏடாதலால், சொத்து விவரப் பட்டியலை அதில் எழுதிவைப்பது உசிதமல்ல என்று எச்சரிக்கவும் அவர் மறக்கவில்லை. சிட்டையில் கண்டது குறிப்பேட்டில் ஏறியவுடன் அந்தப் பதிவின்மேல் சாய்வாக ஒரு கோடு இழுக்கப்படும். முடிந்த வேலையை நாம் அடித்துவிடுகிறோமே, அதே கோடுதான் இது.

ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி, அந்தப் பிரகரணத்தின் கடைசியில், கடிதங்களையும் பத்திரங்களையும் பாதுகாப்பது பற்றிச் சொல்லிவரும்போது வருவது. பேரேடுகள் எத்தனை இருந்தாலும், மறந்தால் நஷ்டம் விளையும் என்று அஞ்சுகிற காரியங்களை அன்றன்று எழுதிவைக்க வேறொரு தனி ஏடு வேண்டும் என்று அங்கே அவர் உபதேசிக்கிறார். நாள்தோறும், குறைந்தபட்சம் இரவு படுக்கப்போகும் முன்னராவது, அதன்மேல் ஒருமுறை கண்ணோட்டி, செய்ய வேண்டியது ஏதேனும் செய்யாமல் நிற்கிறதா என்று பார்த்து, முடிந்ததைப் பேனாவால் அடித்துவிட வேண்டும். அண்டை வீட்டாருக்கும் நண்பருக்கும் ஓரிரு நாளைக்கு இரவல் கொடுத்த கடைப் பாத்திரமும் கொப்பரையும்கூட அதில் ஏற வேண்டும். இரவலாகப் போன கொப்பரை விற்பனையுமல்ல, கடனுமல்ல. ஆகையால் பேரேட்டில் அதற்கு இடமில்லை. பற்று வரவு என்ற சட்டத்துக்குள் அடங்காத இத்தகைய சில்லறைக் காரியங்களே ஒரு மனிதனின் நித்திய வாழ்க்கையில் பெரும்பகுதி என்பதை, சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ளாத சபையைச் சேர்ந்த ஒரு துறவி இவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தது ஆச்சரியமே. எழுதச் சொன்னதைக் காட்டிலும் இரவில் எடுத்துப் பார்க்கச் சொன்னதில்தான் அவருடைய அனுபவ ஞானம் விளங்குகிறது என்பது என் அபிப்பிராயம். எழுதி மூடிவைத்த ஏடு எவரையும் எச்சரிப்பதில்லை அல்லவா?

இந்தப் பச்சோலியின் சிநேகிதர் லியோனார்டோ டா வின்சி. 1490களின் பிற்பகுதியில் மிலான் நகரில் இருவரும் கூடி வேலை செய்தனர். பச்சோலியின் மற்றொரு கிரந்தத்துக்குச் சித்திரங்கள் வரைந்து தந்தவர் அவரே. வர்க்கமூலங்களைப் பெருக்கும் விதத்தை லூக்கா ஆசிரியரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமென்று அவர் தமக்குத்தாமே எழுதிக்கொண்ட குறிப்பு இன்றும் இருக்கிறது. மிலானையும் அதன் புறநகரையும் அளக்க வேண்டும், பிளாண்டர்ஸ் தேசத்தார் உறைபனியின்மேல் எவ்விதம் ஓடுகிறார்கள் என்று அறிந்தவரைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் அவருடைய ஏடுகளில் வரிசையாகக் காண்கிறோம். வர்த்தகனின் சிட்டையில் சரக்கு நின்ற இடத்தில் இங்கே கேள்விகள் நிற்கின்றன, முறை ஒன்றே.

வடக்கிலும் இது பரவிற்று. மாற்றாந்தந்தையான பாதிரியார் பெரும்பாலும் வெறுமையாக விட்டுப்போன ஒரு பெரிய ஏட்டை எடுத்து, 1664ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் நுண்கணித ஆராய்ச்சிகளை அதில் எழுதத் தொடங்கிய ஐசக் நியூட்டன், அதற்கு வர்த்தகர்கள் தம் சிட்டைக்கு வழங்கிய பெயரையே இட்டார். கேட்டிங்கனில் பௌதிகப் பேராசிரியராயிருந்த லிக்டன்பெர்க்கோ, ஆங்கில வியாபாரிகள் சிட்டையிலிருந்து குறிப்பேட்டுக்கும் அங்கிருந்து பேரேட்டுக்கும் பதிவுகளை ஏற்றுவதை விவரித்து, கல்விமான்கள் பின்பற்றத் தக்க முறை இது என்று வெளிப்படையாகவே எழுதினார். அவரும் அப்படியே பல்லாண்டு தம் சிந்தனைகளைச் சிட்டையில் குறித்துவந்தார். ஆனால் அவற்றைக் கொண்டு எழுத எண்ணியிருந்த நாவல் நிறைவேறவில்லை. 1799இல் அவர் காலமானபின் அச்சேறியவை அந்தச் சிட்டைகளே. ஜெர்மன் இலக்கியத்தில் அவருக்குள்ள ஸ்தானம் பெரும்பாலும் அவற்றால் வாய்த்தது.