ஒரு பிடி அரிசி

வல்வெட்டித்துறைப் பெண்களாகிய நாம் பள்ளி செல்வதை இன்று யாரும் வியப்பதில்லை. 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது நிலைமை வேறு. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று பெற்றோர் தயங்கினர். உணவும் உடையும் கொடுத்து, படித்து முடித்தால் சீதனமும் தருவதாகச் சொல்லியே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

1840இல் அமெரிக்காவிலிருந்து எலைசா அக்னியூ அம்மையார் அங்கு வந்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகள், ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல் கற்பித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தனர். தாயைத் தொடர்ந்து மகளும் பேத்தியும் வந்தனர். 1883இல் மானிப்பாயில் அவர் இறைவனடி சேர்ந்தார். எமது அயலூரான உடுப்பிட்டியிலும் 1852இல் அமெரிக்க மிஷன் கல்லூரி உருவாயிற்று.

இப்படிப் படித்த பெண்கள் பிரசங்க மேடை ஏறவில்லை, குடும்பம் நடத்தினர். காசு ஆண்கள் கையில் இருந்தது, அரிசிப் பானை பெண்கள் கையில் இருந்தது. ஆகவே கிறிஸ்தவ வீடுகளில் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென எடுத்து வைத்தனர். சிலர் ஒரு தென்னையைத் தேவனுக்கென ஒதுக்கி, அதன் காய்களைக் காணிக்கையாக்கினர். தம் விசுவாசத்தை அவர்கள் அன்றாடச் சமையலில் காட்டினர்.

சைவப் பாடசாலைகளுக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்களின் பிடியரிசி சேர்ந்தது. வழிபாடு வேறாயினும் பழக்கம் ஒன்றே. இன்று தொறொன்ரோவிலும் லண்டனிலும் வாழும் தோழியரே, ஊரிலே ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதந்தோறும் நாம் ஒதுக்கும் சிறு தொகையும் அந்தப் பிடியரிசிதான்.